பூட்டிய லயத்தில் புகை

பதுளையில் நான் கற்பிக்கும் பல்கலைக்கழகத்தில் மண்சரிவுப் பாடத்தை மெய்நிகர் கண்ணாடி போட்டுத்தான் நடத்துகிறோம். ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்ட மலையில் வெடிப்பு விழுந்து, ஒரு லயத்து ஆட்களை அங்கிருந்து இறக்கியிருந்தார்கள். வெறிச்சோடிக் கிடந்த அந்த வரிசை வீடுகளைச் சுற்றிவரப் படம்பிடிக்கும் கமராவில் எடுத்து வந்தது நான்தான். கண்ணாடியைப் போட்டால் லயத்து வாசலிலேயே நிற்பது போலிருக்கும்.

வகுப்பில் எல்லோரும் குனிந்து தரையிலிருந்த வெடிப்பைப் பார்க்க, ஒரு மாணவி மட்டும் பின்பக்கம் திரும்பி அசையாமல் நின்றாள்.

"என்னம்மா, அங்க என்ன பாக்குற?"

"மிஸ், இது எங்க லயம். எங்க வீட்டுக் கதவு தொறந்திருக்கு. பூட்டிட்டுத்தான் வந்தோம்." குரல் இறங்கியது. "கூரையில பொகை வருது மிஸ்."

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. மெல்லிய புகை. அன்று அங்கேயே நின்று படம்பிடித்தும் என் கண்ணில் இது படவில்லை.

அவள் வீட்டார் அப்போது ஹாலிஎலயில் வாடகைக்கு இருந்தார்கள். டவுனில் ஒரு கடையில் வேலை என்று சொல்லி அவளுடைய அப்பா தினமும் காலையில் கிளம்பிவிடுவாராம். அழைத்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. இருவரும் ஆட்டோ பிடித்து மேலே போனோம்.

அவர் அடுப்படியில் குந்தி ஊதிக்கொண்டிருந்தார். யேசு படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது.

"கடைக்குப் போறேன்னுதானே சொன்னீங்க, அப்பா?"

"அடுப்பு எரியாத வீடு தாங்காது புள்ள" என்றார், எழுந்திருக்காமலே.

அவள் அழுதாள். கெஞ்சித்தான் கூட்டிவந்தோம். அந்த மழைக்காலத்திலேயே மலை இறங்கியது. மண்ணுக்கடியில் யாருமில்லை; லயமும் இல்லை.

பிறகொரு நாள் அவரை அழைத்துக்கொண்டு வந்தாள். "ஒருக்கா பாக்கணும்ங்கிறாரு மிஸ்."

கண்ணாடியை மாட்டிவிட்டேன். கையை நீட்டியபடி இரண்டடி வைத்தார். விரல்கள் வகுப்பறைச் சுவரில் முட்டின.

"உள்ள யாரோ இருக்காங்க" என்றார்.

"அது நீங்கதான்பா."

அவர் கையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. "நானா? அப்ப வெளிய வரச் சொல்லு. மலை வருதுல்ல" என்றார்.

அவளும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவே பயந்தோம். மெதுவாக நான்தான் கண்ணாடியைக் கழற்றினேன். டீ வேண்டாமென்று சொல்லிவிட்டு, மகளின் தோளைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார். இப்போது மொனராகலையில் மூத்த மகனோடு இருக்கிறார்.

வேறு மலைகளைப் படம்பிடிக்கப் போகும்போது, காலி லயங்களில் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறேன். பூட்டுத் தொங்கும் கதவையும் விடுவதில்லை. "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். கூட வரும் மாணவர்கள் ஏனென்று கேட்டால், கூரையில் புகை வருகிறதா பாருங்கள் என்கிறேன்.