வேண்டாம் என்ற சொல்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருடம் தமிழ் நடத்தியவர் ஞானசௌந்தரி. கல்யாணப் பத்திரிகையில் சந்திப்பிழை இருந்தால்கூடச் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டுத்தான் பீரோவில் வைப்பார்.

2009 பிப்ரவரியில் அவருக்கு இதயத்தின் எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். அவர் புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வருவதற்குள், அவர் மகள் ஹெப்சியிடம் டாக்டர் ஆங்கிலத்தில் பேசி முடித்துவிட்டார். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, ரத்தம் பின்னால் கசிகிறது. ஏற்கெனவே பைபாஸ் ஆன நெஞ்சு, சிறுநீரகமும் பாதிதான். மறுபடி திறந்தால் ஆபரேஷன் மேஜையிலேயே போய்விடுவார். வெளிநாட்டில் இப்படிப்பட்டவர்களுக்கு, தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு, வால்வின் இரண்டு இதழையும் கிளிப் போட்டுச் சேர்த்துவிடுகிறார்களாம். இங்கே இன்னும் வரவில்லை.

"எப்ப வரும் டாக்டர்?"

அவர் ஃபைலை மூடினார்.

வராந்தாவில் அம்மா கேட்டார்: "என்னடி சொன்னாரு?"

"ஆபரேஷன் வேண்டாம்னுட்டாரும்மா."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது அதுதான்.

"ஸ்தோத்திரம்" என்றார் அம்மா. மறு ஞாயிறு செம்பாக்கம் ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சியும் சொல்லிவிட்டார், ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார்கள், கத்தி படாமல் கர்த்தர் காப்பாற்றினார் என்று. பக்கத்து வீட்டு யூனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹெப்சி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு, உப்பைக் குறைத்திருந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. உடம்பில் நீர் இறங்கப் போடும் மாத்திரை அட்டை அப்படியே கிடந்தது.

"சுகமானவளுக்கு எதுக்குடி மாத்திரை?"

"போடும்மா. டாக்டர் நிறுத்தச் சொல்லல."

"உனக்கு விசுவாசம் பத்தாது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஹெப்சி தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாவது வாரம் செருப்பு காலில் ஏறவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு மத்தியானம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, அம்மா தன் கணுக்காலை விரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹெப்சி, அன்னிக்கு அவரு வேண்டாம்னு சொன்னாரா, முடியாதுன்னு சொன்னாரா?"

"முடியாதுன்னுதாம்மா."

அம்மா காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணாடி?" என்றார் அம்மா. கொஞ்சம் கழித்து, "அந்த மாத்திரையை எடு."

மாத்திரை கொஞ்சம் நீரை இறக்கியது. மூச்சை அதனால் மீட்டுத்தர முடியவில்லை. ஆனாலும் அந்த ஞாயிறு ஆலயத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றார். ஆட்டோவில் போனார்கள். ஐந்து படியில் மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஆராதனை தொடங்கியிருந்தது. யூனிஸ் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"யூனிஸ், எனக்கு ஆபரேஷன் பண்ண முடியாதாம். உள்ள போய்ச் சொல்லிடு."

"அப்படில்லாம் பேசாதீங்க டீச்சர்."

"அன்னிக்குச் சாட்சியில வேண்டாம்னு நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் அம்மா, மகளின் பக்கம் திரும்பாமல். "திருத்திடச் சொல்லு."