முறுக்கு டின்னுக்கு அடியில்

வெளிநாட்டுப் பார்சல் கடையில் உட்கார்ந்தால் முதல் நாளே ஒன்று தெரிந்துவிடும்: எடை மெஷின் காட்டுவதை எந்த அம்மாவும் நம்புவதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட் ஓரம் எங்கள் கடை. இங்கிருந்து முறுக்கு, பருப்புப்பொடி, ஊறுகாய் எல்லாம் கனடா போகிறது. என் வீட்டுக்காரர் அங்கேதான் வெல்டர். எனக்கும் மகள் யாழினிக்கும் விசா வந்துவிட்டது. நான்தான் இன்னும் சரி சொல்லவில்லை. யாழினிக்கு வீசிங். அங்கே காற்று சுத்தம் என்கிறார் அவர். இருக்கட்டும், ஒரு நாள் அவளுக்கு மூச்சு இரைத்தால் அந்த ஊரில் நான் யாரிடம் ஓடுவேன்? உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விசா கிடந்தால் என் நிலைமை உங்களுக்குப் புரியும். அதனால் பார்சல் போட வருகிறவர்களை எல்லாம் பிடித்து விசாரிப்பதே என் வேலையாகிவிட்டது.

காய்ச்சல் மாத்திரை

எதைக் கொண்டுவந்தாலும் நாங்கள் பிரித்துப் பார்த்துத்தான் பெட்டி கட்டுவோம். முத்தாபுதுப்பேட்டை அம்மா ஒருவர் கொண்டுவந்த முறுக்கு டின்னைக் கவிழ்த்தேன். அடியில் மாத்திரை அட்டைகள். காய்ச்சலுக்கு, இருமலுக்கு, வயிற்றுப்போக்குக்கு என்று ஒரு மெடிக்கல் ஷாப்பே இருந்தது.

டாக்டர் சீட்டு இல்லாமல் போகாது என்றேன். "எம்புள்ள அங்க டாக்டரப் பாக்கணும்னா மூணு வாரம் ஆவுமாம். எங்க தெரு டாக்டரு ஞாயித்துக்கெயம கூட லுங்கியோட வந்து ஊசி போடுவாரு" என்றார். அது எனக்கே ஊசி மாதிரி குத்தியது. சட்டத்தை மறுபடி சொன்னதும் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"காய்ச்சலு மூணு வாரம் குந்திகினு இருக்குமா, நீயே சொல்லு!"

பக்கத்து வீடு

கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த திருமழிசைப் பெண் ஒருத்தி, தன் புடவைகளை அனுப்ப வந்தாள். சின்ன வயதில் அவளுக்கும் வீசிங்காம். அதைக் கேட்டதும் அவளுக்கு நாற்காலி போட்டு டீயும் வரவழைத்தேன். "அங்க போனதுலேர்ந்து இன்ஹேலர் எங்க வெச்சேன்னே தெரியலக்கா" என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்களா என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவள் டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தாள்.

"ரெண்டு வருசமா கீறேன்க்கா, அந்தம்மா பேரு இன்னான்னே தெரியாது."

ஆட்டோ

போன வாரம் மத்தியானம் கடைக்கு எதிரே லாரிகள் மண் கொட்டின. பள்ளி விட்டு வந்த யாழினி மூலையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். திடீரென்று மூச்சு இரைத்து, உதடெல்லாம் வெளுத்துவிட்டது. பம்ப் அடித்தும் அடங்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் தன் மகளுக்குப் பார்சல் போட வந்திருந்த வானகரம் ஆட்டோக்கார அண்ணன், பெட்டியை எடை மெஷின் மேலேயே போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வண்டி ஒரு சிக்னலிலும் நிற்கவில்லை. கிளினிக்கில் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். முகத்தில் மாஸ்க் வைத்துப் புகை மருந்து கொடுத்த பிறகு அவள் நிறம் திரும்பியது. அப்போதுதான் நான் அழுதேன். இந்த ஊரை விட்டு எப்படிப் போவேன் என்று அந்த அண்ணனிடமே புலம்பினேன்.

அவர் வாசலில் பறந்த தூசியைப் பார்த்தார், பிறகு யாழினியைப் பார்த்தார்.

"இங்க தூக்கிகினு ஓட நாங்க கீறோம் தங்கச்சி. அங்க போனா ஓடவே தேவையில்லன்னா, நீ கெளம்பு."

அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன்; ஆனால் என் பெட்டியில் முறுக்கு டின்னுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.