சுறாவுக்குப் போடும் முடிச்சு

சண்டை தொடங்கியதும் இரவில் விளக்கோடு கடலுக்குப் போகக் கூடாதென்று மறித்துவிட்டார்கள். கடையிலும் துணி இல்லை. அதனால் மண்டைதீவு மீன்காரன் நான் இடுப்பில் உடுத்தும் சாரத்தைத் தறியில் நெய்யப் பழகுகிறேன்.

இன்று தறியில் ஒரு நூல் அறுந்தது. கிழிந்த வலை பொத்துகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? எச்சில் தொட்டு இறுக்கி முடிந்தேன்.

முடிச்சு, சீப்புப் போல இருக்கும் தறி அச்சின் பல்லுக்குள் நுழையாமல் சிக்கி, பக்கத்து நூல்களையும் அறுத்தது. அவற்றையும் அப்படியே முடிந்தேன். பிறகு தறியே அசையவில்லை.

நெசவு பழக்கும் பிள்ளை வந்து பார்த்தாள்.

"அண்ணை, இதென்ன முடிச்சு?"

"சுறா இழுத்தாலும் அவிழாது, பிள்ளை."

"தறிக்குச் சுறா வராது அண்ணை. வெட்டுங்கோ."

வெட்டினேன். மறுபடி முடிச்சுப் போட வெட்கமாக இருந்ததால், அந்த நூல்கள் இல்லாமலே மிச்சத்தை நெய்து முடித்தேன்.

வீட்டில் மனிசி சாரத்தை விரித்து, நடுவில் திறந்து கிடந்த இடத்துக்குள்ளால் என்னைப் பார்த்தாள்.

"வலை நல்லாத்தான் இருக்கு. மீன்தான் இல்லை."

வேறு சாரம் இல்லை. எப்படிச் சுற்றினாலும் அந்த இடம் பின்பக்கம்தான் வருகிறது. ஞாயிறு பூசைக்கு இதைத்தான் உடுத்திக்கொண்டு வருவேன். எனக்குப் பின்னால் முழந்தாளில் நிற்கப் போகிறவர்கள் யாரென்று இப்போதே சொல்லிவிடுங்கள்.