ஓடுபாதையின் உர நெடி

கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போட உரப்பையைப் பிரித்தேன். அந்த நெடியில், மில்பிடாஸ் வீட்டுத் தோட்டத்தில், இதே அமெரிக்காவில் நான் வளர்ந்த மலையூரின் குட்டி விமான நிலையம் வந்து நின்றது.

காட்டுத்தீயை அணைக்க விமானத்திலிருந்து கொட்டும் சிவப்புக் குழம்பிலும் உரம்தான் கலந்திருக்கும், அதே நெடி. கோடையில் மலைமேல் புகை கிளம்பினால் போதும், குழாய் வழியாக அந்தக் குழம்பை வயிறு முட்ட நிரப்பிக்கொண்டு, எங்கள் அலமாரியில் எவர்சில்வர் தட்டுகளெல்லாம் கிடுகிடுக்க விமானம் மேலேறிப் போகும், காலியாகத் திரும்பும், மறுபடி நிரப்பிக்கொண்டு போகும். நிலையத்து வேலியோரம் எங்கள் வீட்டில் காயும் புடவையில் சிவப்புச் சொட்டு விழுந்தால்கூட அம்மா, "கறை பட்டா படட்டும்டி, அவங்க போய் நெருப்ப அணைக்கட்டும்" என்பாள்.

பிறகு அப்பாவின் நண்பர் ரவி அங்கிள், விலை குறைவென்று, தெரிந்தே அந்த வேலியை ஒட்டி வீடு வாங்கினார். வாங்கிய கையோடு, "வீக்எண்ட்லகூட தூங்க விடமாட்டேங்கறாங்க" என்று ஊர் கவுன்சில் மீட்டிங் ஒன்று விடாமல் போய்க் கத்தினார். அவரைப் போல இன்னும் பலர். கடைசியில் நிலையத்தை மூடி, ஓடுபாதையைப் பெயர்த்து, அங்கேயும் வீடுகளைக் கட்டினார்கள்.

உரக் கையைக் கழுவுவதற்குள் அவரே ஃபோன் செய்தார். "மலையில நெருப்பும்மா, எல்லாரையும் வெளியேறச் சொல்றாங்க. இன்னும் ஒரு ப்ளேன்கூட வரலையே, என்ன கவர்ன்மென்ட் இது!"

"நீங்க தூங்கறீங்கன்னு வராம இருக்காங்க, அங்கிள்!" என்று கத்தினேன். "மொதல்ல கார எடுத்துட்டுக் கெளம்புங்க!"