அந்தோணிமேரி பிரிட்ஜைப் பிரித்த கதை

விழுப்புரத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் அந்தோணிமேரி ஸ்டோர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திண்டிவனத்தில். காலையில் ரயிலேறிப் போவார், சாயங்காலம் ரயிலேறித் திரும்புவார். மாணவர்கள் கேட்கும் டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஒயர்க் கட்டு, மெகர் எல்லாவற்றையும் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார். வகுப்பு முடிந்ததும் திருப்பி வாங்கி அலமாரியில் வைப்பார். பதினோரு வருடமாக இதே வேலை. எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அவற்றை வைத்து என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வேலை, கணவர் சவரிநாதன் இறந்ததால் கருணை அடிப்படையில் கிடைத்தது.

1993இல் விழுப்புரம் தனி மாவட்டமானபோது சவரிநாதனுக்கு அங்கே ஓர் அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. திண்டிவனத்திலேயே இருந்துகொண்டு போய்வந்தார். அந்த வருடம் பொம்மையார்பாளையத்தில் கடலோரத் தங்கும் விடுதி ஒன்றில் பழைய சாமான்களைக் கழித்துக்கட்டினார்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, அங்கிருந்து ஒரு பிரிட்ஜை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். முப்பது வருடத்துக்கு முந்தைய மாடல். மேல் விளிம்பெல்லாம் உருண்டையாக இருக்கும். வெள்ளை பழுப்பேறிப்போயிருந்தது. கைப்பிடியைக் கீழே இழுத்தால்தான் கதவு திறக்கும். தெருவில் அப்போது பிரிட்ஜ் இருந்த இரண்டாவது வீடு அவர்களுடையது.

அதன் பிளக்குக்கு மூன்று முள். வீட்டுச் சுவரில் இரண்டு ஓட்டைதான். சவரிநாதன் பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முள் பிளக் ஒன்றைத் தானே மாட்டினார். ஐந்து நிமிட வேலை.

ஐந்து வருடம் நன்றாகத்தான் ஓடியது. 1998 பங்குனியில் கைப்பிடியைத் தொட்டால் லேசாக விறுவிறுவென்று இழுக்க ஆரம்பித்தது. அந்தோணிமேரி கணவரிடம் மூன்று முறை சொன்னார். மெக்கானிக்கைக் கூட்டிவருகிறேன் என்று மூன்று முறையும் அவர் சொன்னார். பிறகு அந்தோணிமேரி சொல்வதை விட்டுவிட்டார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறக்கப் பழகிக்கொண்டார். கீழே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்றுகொள்வார்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போய்வந்து சவரிநாதன் குளித்தார். ஈர வேட்டியோடு சமையலறைக்குள் வந்தார். காலில் செருப்பில்லை. பலகை கழுவுவதற்காக வெளியே போயிருந்தது. கிணற்றடியில் இருந்த அந்தோணிமேரிக்கு ஏதோ கனமாக விழுந்த சத்தம் கேட்டது. ஓடிவந்தவர் கணவரைத் தொடவில்லை, நேராகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். அப்படிச் செய்ய வேண்டும் என்று எப்படித் தெரிந்தது என்று பிறகு பலர் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. ஏழு வயது மகள் சகாய பிரியா கதவோரத்தில் கையில் காலி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

அடக்கத்தன்று அந்தோணிமேரி அழவில்லை. அழுதுவிடு, அழுதால்தான் பாரம் இறங்கும் என்று பெண்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவர் தலையாட்டினார். யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று விசாரித்தார். கோவில் உபதேசியார் ஜெபம் சொன்னபோது எல்லோரோடும் சேர்ந்து முழங்காலிட்டார், எழுந்தார். ஒரு வாரம் போனால் அழுகை வந்துவிடும் என்று இருந்தார். வரவில்லை. ஒரு வருடம் போனது. பிறகு அதைப் பற்றி யோசிப்பதையே நிறுத்திவிட்டார்.

பிரிட்ஜைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். பழைய சாமான் எடுக்கிறவர் இரண்டு முறை வந்து கேட்டார். அந்தோணிமேரி கொடுக்கவில்லை. கொடுத்தால் எங்கேயாவது எவராவது அதில் பிளக்கைச் சொருகுவார்கள். ஒயரைச் சுருட்டிப் பின்னால் கட்டிவைத்து, உள்ளே உளுந்தும் துவரையும் மல்லாட்டைக் கொட்டையும் கொட்டிவைத்தார். எறும்பு வராது. பன்னிரண்டு வருடம் அது மளிகை அலமாரியாக இருந்தது. அதைத் திறக்கும்போதும் மூடும்போதும் அவருக்கு ஒன்றும் தோன்றியதில்லை. அப்படி ஒன்றும் தோன்றாமல் இருப்பது மட்டும் சில நாள் விசித்திரமாகத் தோன்றும்.

பிரியா வளர்ந்து புதுச்சேரியில் நர்சிங் படிக்கப் போனாள். ஹாஸ்டலில் தங்கி, வார இறுதியில் வீட்டுக்கு வருவாள். 2010இல் ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மின்சாரம் தாக்கியவர்களுக்குச் செய்யும் முதலுதவியைப் பற்றி வகுப்பில் பாடம் நடந்ததாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“அன்னிக்கு அப்பாகிட்ட ஐஸ் தண்ணி கேட்டது நான்தாம்மா” என்றாள்.

அந்தோணிமேரிக்கு அது தெரியும். டம்ளரைப் பார்த்திருக்கிறாரே. ஆனால் தெரிந்ததை அப்படி ஒரு கோணத்தில் திருப்பிப் பார்த்ததேயில்லை. மகள் பன்னிரண்டு வருடமாக அதை அந்தக் கோணத்தில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டார். பிரியா வேண்டாம் என்று எழுந்து கை கழுவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை எலக்ட்ரீசியன் பிரிவு ஆசிரியர் சீனுவாசன் ஸ்டோருக்கு வந்தார். முப்பது வயதுக்காரர், அந்தோணிமேரியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவர். அவரிடம் அந்தோணிமேரி, பிரிட்ஜ் பாடியில் கரண்ட் வந்தால் எதனால் வரும் என்று கேட்டார்.

“மொதல்ல பிளக்கைப் புடுங்குங்கம்மா. மத்தது அப்பறம் பேசலாம்.”

“அது புடுங்கி பன்னெண்டு வருசம் ஆவுது சார்.”

சீனுவாசனுக்குக் கதை அரைகுறையாகத் தெரியும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு தாளில் வரைந்து காட்டினார். சிவப்பு ஒயரில் கரண்ட் வரும், கறுப்பில் திரும்பிப் போகும். எங்கேயாவது தோல் உரிந்து சிவப்பு ஒயர் தகரத்தைத் தொட்டால் முழு பாடிக்கும் கரண்ட் ஏறும். அதற்குத்தான் பச்சை ஒயர். பாடியிலிருந்து அதைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டால் கரண்ட் அந்த வழியாக இறங்கி பியூஸ் போய்விடும். பச்சை ஒயர் இல்லாவிட்டால், ஈரக்காலோடு தொடுகிற ஆள்தான் தரைக்கு வழி. எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். அந்தோணிமேரி அந்தத் தாளை மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டார்.

நான் வந்து பார்க்கிறேன் என்றார் சீனுவாசன். தானும் மகளும்தான் பிரிக்க வேண்டும் என்றார் அந்தோணிமேரி. சீனுவாசன் யோசித்துவிட்டு, பின்னால் இருக்கும் கேஸ் குழாயில் கை வைக்கக் கூடாது, எந்த ஒயரைக் கழற்றினாலும் அது எங்கே இருந்தது என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். இன்னொன்றும் சொன்னார்.

“நான் வந்து பாக்காம பிளக்கைச் சொருவக் கூடாது. அதுக்கு ஒத்துக்கினாதான்.”

அந்தோணிமேரி ஒத்துக்கொண்டார். ஸ்டோர் நோட்டில் தன் பெயரையே எழுதி, ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, மெகர் ஒன்று என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உளுந்தையும் துவரையும் டப்பாக்களில் கொட்டினார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று பிரியா கேட்டதற்கு, பார்க்கப்போகிறோம் என்று மட்டும் சொன்னார். இருவரும் சேர்ந்து பிரிட்ஜை நகர்த்திப் பின்பக்கத்தைத் திருப்பினார்கள். ஒட்டடையும் கரப்பான் முட்டையும் அடையாகப் படிந்திருந்தன. துடைத்துவிட்டு, கட்டிவைத்திருந்த ஒயரை அவிழ்த்தார்கள்.

ஒயர் பிரிட்ஜுக்குள் நுழையும் ஓட்டையில் ஒரு காலத்தில் ரப்பர் வளையம் இருந்திருக்க வேண்டும். இப்போது இல்லை. தகர விளிம்பு, கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து ஒயரின் தோலை அறுத்திருந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. அந்தோணிமேரி சீனுவாசனின் தாளை விரித்து அந்த இடத்தைக் காட்டினார். பிறகு ஒயரின் மறுமுனைக்கு வந்து பிளக்கைக் கழற்றினார். உள்ளே இரண்டு ஒயர்தான் மாட்டியிருந்தது. மூன்றாவது, பச்சை, ஒட்ட வெட்டப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றிப் பின்னால் மடக்கி வைக்கப்பட்டிருந்தது. டேப்பின் முனையைப் பிரிக்க வாகாகச் சிறு மடிப்பு மடித்திருந்தது. சவரிநாதன் எதில் டேப் ஒட்டினாலும் அப்படித்தான் மடிப்பார்.

“நீ தண்ணி கேட்டதால இல்ல” என்றார் அந்தோணிமேரி. “இது இல்லாததால.”

பிரியா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “யாரும்மா வெட்டுனது?”

“அப்பாதான். செவுத்துல ரெண்டு ஓட்டைதான் இருந்திச்சு, அதுக்கு எடமில்ல. எல்லாரும் அப்பிடித்தான் பண்ணாங்க.” பிறகு அவரே சொன்னார். “கரண்ட் அடிக்குதுன்னு எனக்குத் தெரியும் பிரியா. ரெண்டு மாசமா துண்டு சுத்திக்கினுதான் தொறந்தேன். அன்னிக்கு அந்தப் பலகையை வெளிய எடுத்துக்கினு போனதும் நான்தான்.”

ரயிலில் யாரிடமோ நேரம் சொல்வது போன்ற குரலில்தான் அதைச் சொன்னார். பிரியா முதலில் அழுதாள். நடுவில் கோபப்பட்டாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டாள். நீ கேட்கவில்லையே என்று அந்தோணிமேரி சொன்னார். அது சரியான பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. அன்று மேற்கொண்டு எதுவும் செய்யவில்லை. பிரியா மத்தியானமே பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த வாரம் வரமாட்டாள் என்றுதான் அந்தோணிமேரி நினைத்தார். ஆனால் வந்தாள். பையைக்கூட வைக்காமல் சமையலறைக்குப் போய் பிரிட்ஜின் பின்னால் உட்கார்ந்தாள். இதைச் சரிபண்ண முடியுமா என்று கேட்டாள்.

பிரியாவுக்கு எதையும் வரிசையாக எழுதும் பழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஒயரிலும் காகிதத் துண்டு கட்டி ஒன்று, இரண்டு என்று எண் போட்டாள். கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே, குளிரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட், உள்விளக்கு, கதவு ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் படம் போட்டாள். பழைய ஒயர்கள் வளைத்தால் பிஸ்கட் போல உடைந்தன. பிரிட்ஜின் சுவருக்குள் ஓடும் ஒயரை மாற்ற, பழைய ஒயரின் நுனியில் புது ஒயரைக் கட்டி, ஒருவர் இந்தப் பக்கம் மெதுவாகத் தள்ள, மற்றவர் அந்தப் பக்கம் மெதுவாக இழுத்தார்கள். இழு, நிறுத்து, இழு என்பதைத் தவிர அன்று அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஓட்டைக்குப் புது ரப்பர் வளையம் போட்டார்கள். பச்சை ஒயரைப் பொருத்தும் இடத்தில் பெயின்ட்டைத் தகரம் பளபளக்கும்வரை சுரண்டிவிட்டு ஸ்க்ரூவை முறுக்கினார்கள்.

ஆனால் கசிவைக் காட்டும் மெகரின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தபோது முள் பூஜ்யத்தின் பக்கத்திலேயே நின்றது. இன்னும் எங்கேயோ கசிகிறது. பிரியா ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு அளந்தாள். கம்ப்ரசர் நன்றாக இருந்தது. தெர்மோஸ்டாட்டும் நன்றாக இருந்தது. விளக்கு மாட்டும் ஹோல்டர் உள்ளுக்குள் துருப்பிடித்து ஈரம் கோத்திருந்தது. புது ஹோல்டர் மாட்டியதும் முள் மறுகோடிக்குப் போனது.

மூன்றாவது ஞாயிறு சீனுவாசன் வந்தார். பச்சை ஒயரைத் தரைக்கு இறக்க வீட்டில் எர்த்தே இல்லை என்பதால் அந்த வாரமே லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து, கிணற்றடியில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடச் செய்திருந்தார். மூன்று ஓட்டை சாக்கெட்டும், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்துவிடும் ஒரு ஸ்விட்ச்சும் மாட்டியிருந்தார்கள். சீனுவாசன் அதன் பொத்தானை அழுத்தினார். டப்பென்று விழுந்தது. மேலே தூக்கிவிட்டு பிரிட்ஜைச் சுற்றி வந்தார். ஒரே ஒரு ஸ்க்ரூ தளர்வாக இருந்தது. அதை இறுக்கிவிட்டு, பிளக்கை அந்தோணிமேரியிடம் கொடுத்தார்.

சொருகி ஸ்விட்ச்சைப் போட்டதும் கம்ப்ரசர் இரண்டு முறை திணறிவிட்டு ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் வந்ததும் பிரியா எழுந்து வெளியே போய்விட்டாள். சீனுவாசன் டெஸ்டரைப் பாடியின் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. அந்தோணிமேரி கைப்பிடியைத் தொட்டார். தகரம்தான், லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. இப்போதாவது அழுகை வரும் என்று கையை எடுக்காமல் நின்றார். ஒன்றும் வரவில்லை. காபி போடட்டுமா என்று சீனுவாசனைக் கேட்டார்.

அந்தப் பிரிட்ஜ் அதன்பின் ஆறு வருடம் ஓடியது. பால் கெடவில்லை. 2016இல் கம்ப்ரசர் நின்றுபோனது. பழைய சாமான்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுச் சிறிதாகப் புதிது ஒன்று வாங்கினார்கள். பிரியாவுக்கு அதற்குள் விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. அவளும் அதே ரயிலில்தான் போய்வந்தாள். ஷிப்ட் ஒத்துவரும் நாட்களில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து போவார்கள்.

அந்தப் பயணங்களில் பிரியா அப்பாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். அவர் எந்தப் பக்கம் தலை சீவுவார், கோவிலில் பாடுவாரா, கோபம் வருமா என்றெல்லாம் கேட்பாள். அந்தோணிமேரி ஞாபகம் இருந்ததைச் சொன்னார், இல்லாததை இல்லை என்றார். ஒருமுறை, மயிலம் தாண்டியதும், பிரியா கேட்டாள்.

“நீ அப்பாவுக்காக எப்பனா அழுதியாம்மா?”

அந்தோணிமேரி “இல்லடி” என்றார். “உள்ள எங்கியோ நிக்குது. வர்றப்ப வரட்டும்.”

பிரியா பிறகு அதைக் கேட்கவில்லை. விக்கிரவாண்டியில் கூட்டம் ஏறியது. அந்தோணிமேரி நகர்ந்து உட்கார்ந்து, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு இடம் கொடுத்தார்.