மாடியில் இருந்த நாற்காலி

2023 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்து, செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு, தண்ணீர் பிடித்து வைத்தேன். காபி குடித்தபடி செய்தித்தாளைப் பிரித்தேன். ஒரு வரியும் மனதில் ஏறவில்லை. குளித்து உடுத்தி வந்தபோது மனைவி சிரித்தாள்.

"இன்னாங்க, பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க. உங்களுக்குமா இப்படி ஆவுது?"

அன்று மாற்றுத்திறனாளிகள் ஆணையர் முன்னால் என் மனுவின் விசாரணை. காலாப்பட்டு சாலையில் நடந்த விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன் நான். அதன் பிறகும் அரசு அலுவலகத்தில் என் எழுத்தர் வேலையைக் குறைவின்றிச் செய்துவந்தேன். ஆனால் கண்காணிப்பாளர் பதவிக்கு என் முறை வந்தபோது, எனக்கு இளையவரின் பெயரைப் பரிந்துரைத்துவிட்டார்கள். எங்கள் அலுவலகம் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். கண்காணிப்பாளர் அறை மாடியில், மரப்படிகள் செங்குத்து. "உங்க நல்லதுக்குத்தான் சார், தெனம் எப்படி ஏறுவீங்க?" என்றார் அதிகாரி.

விசாரணையில் ஆணையர் அந்த அதிகாரியிடம்தான் முதலில் கேட்டார்.

"மாடி அறையில இன்னா இருக்கு?"

"மேசை, நாற்காலி, ஒரு பீரோ சார்."

"ஊழியர்கள், கம்ப்யூட்டர்?"

"அதெல்லாம் கீழ."

"கண்காணிப்பாளர் மாடியிலதான் உக்காரணும்னு விதி இருக்கா?"

அதிகாரி யோசித்தார். "விதி இல்ல சார். எப்பவும் அங்கதான் உக்காருவாங்க."

வரிக்கு வரி திருத்தி எழுதிய என் மனுவில் நான் கேட்டிருந்தது லிஃப்ட். பழமை வாய்ந்த கட்டடத்தில் அதற்கு அனுமதி வருவதற்குள் நான் ஓய்வு பெற்றிருப்பேன். நாற்காலியைக் கீழே கொண்டுவரலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. தலைமுறை தலைமுறையாக அது மாடியில்தான் இருந்தது.

ஊனத்தை மட்டும் காரணமாக்கிப் பதவி உயர்வை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றும், பணியாற்றத் தேவையான வசதியை அலுவலகமே செய்து தர வேண்டும் என்றும் ஆணையர் விளக்கினார். அதிகாரி ஒப்புக்கொண்டார். என் பெயரை இட்டுப் பரிந்துரையைத் திருத்தி அனுப்புவதாகவும், இருக்கையைக் கீழே மாற்றுவதாகவும் அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார்.

வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை, செயற்கைக் காலும்தான். அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் அம்மாள் செய்தியைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அந்த இரும்பு பீரோவ எறக்கப் போறது நானு. பதவி மட்டும் உங்களுக்கா சார்?"

"பீரோ மேலயே கிடக்கட்டும்மா."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா, நானே உங்களக் கண்காணிப்பாளர் ஆக்கியிருப்பேனே."

வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். மனைவி கேட்கக் கேட்க, விசாரணை முழுவதையும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும், முதல் வேலையாக அளவு நாடாவை எடுத்துக் கீழ்க்கூடத்தில் சன்னலோரம் மேசைக்கு இடம் அளந்தேன். தரையில் சாக்கட்டியால் நான்கு மூலையும் குறித்தேன்.