ஏரித் தண்ணீரும் சந்திரகிரி வெயிலும்

வாசலில் நின்ற காரின் அடியில் பச்சையாக ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது எப்போது விழும் என்று எண்ண ஆரம்பித்தேன். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற புத்தி எனக்கு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் வேறென்ன செய்வார் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஆறு எண்ணுவதற்குள் அடுத்த சொட்டு விழுந்தது.

"சுதர்சா, வண்டி ஒழுகுதுடா."

சுதர்சன் என் தங்கை வசந்தாவின் மகன். அம்மாவை அழைத்துக்கொண்டு அன்று மத்தியானம்தான் சென்னையிலிருந்து செஞ்சிக்கு வந்திருந்தான். "ஏசி தண்ணியா இருக்கும் மாமா, டென்ஷன் ஆவாதீங்க" என்றான், போனிலிருந்து தலையை எடுக்காமல். ஏசி தண்ணீர் பச்சையாகவா இருக்கும்? குனிந்து விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். பிசுபிசுவென்று, கெட்டுப்போன சர்பத் மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. இவர்கள் இப்படியே கிளம்பி, இஞ்சின் சூடேறி, என் தங்கை நடு ரோட்டில் வெயிலில் நிற்பதுவரை என் மனம் போய்விட்டது. என் மனம் எப்போதும் வண்டிக்கு முன்னால் ஓடும்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டருக்குப் போகும் பைப்பை அமுக்கிப் பார்த்தார். "ரப்பர் ஊறிப் போயிடுச்சு சார். கீழ் பைப்பும் இதே கதைதான். ஒட்டறதெல்லாம் வேலைக்காவாது, ரெண்டையும் மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டுப் பைப் வாங்கப் போனார். திறந்து கிடந்த இஞ்சினிலிருந்து சூடான ரப்பர் வாசனை வந்தது. அதற்குப் பிறகு நான் அந்த வாசலில் இல்லை. செஞ்சிச் சாலையில் வல்லம் தாண்டி ஓர் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வசந்தாவுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, கை நனைக்காமல் போயிருந்தார்கள். பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். 'இன்னொரு நாள் சாப்பிடறோம்' என்றால் அந்த இன்னொரு நாள் வராது. முதலில் வந்தவர்கள் பெண் உயரம் என்றார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் ஏதோ கேள்வி கேட்க, வசந்தா பதிலோடு ஒரு கேள்வியையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து, நாங்கள் நைனா என்று கூப்பிடும் எங்கள் அப்பா, "யாரு வந்தாலும் நீ மட்டும் வாயத் தொறக்காத தாயி" என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

மூன்றாவது இடம் மேல்சித்தாமூர். எங்களைப் போலவே ஜைனக் குடும்பம். பையன் பெயர் ஜெயபால். அவன் அப்பா அப்பாண்டை நயினாருக்கு இந்த இடம் பிடித்திருந்தது. அம்மாவுக்கு அரை மனசு. சாயங்காலம் வந்து பெண்ணைப் பார்த்து, பொழுது போவதற்குள் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. பொழுது போய்விட்டால் எங்கள் பெரியவர்கள் வாயில் எதையும் வைக்க மாட்டார்கள். இருட்டில் சமைத்துச் சாப்பிட்டால் விளக்கைத் தேடி வரும் பூச்சிக்கு ஏதாவது ஆகிவிடும், அந்தப் பாவம் வேண்டாம் என்பதுதான்.

அவர்களை அழைத்து வரப் போனவன் நான். வண்டி, ரஹீம் பாயின் வாடகை அம்பாசிடர். பின் சீட்டில் அவர்கள் மூவர். வல்லம் தாண்டியதும் முன்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க ஆவி.

பாய் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். மேல் பைப் ஒரு விரல் நீளத்துக்கு வாயைப் பிளந்திருந்தது.

"ஓஸ் போச்சு வாத்தியாரே. பயப்படாதீங்க, நம்மகிட்ட மருந்து இருக்குது."

டிக்கியிலிருந்து பழைய சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்தார். அதை நாடாவாக வெட்டி, காலில் அடிபட்டவனுக்குக் கட்டுப்போடுவதுபோல, பிளந்த இடத்தைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டி மேலே கம்பியை முறுக்கினார். இஞ்சின் ஆறியதும் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. சாலையோர ஏரியில் தகர டின்னை முக்கி எடுத்து வந்தார்.

"நில்லுங்க பாய்" என்றார் பின்னாலிருந்து இறங்கி வந்த அப்பாண்டை நயினார். "வடிகட்டினீங்களா?"

"இன்னா நயினாரே, வண்டி குடிக்கவா போவுது?"

"குடிக்கல. கொதிக்க வைக்குதில்ல? உள்ள இருக்கற உயிரு இன்னா பாவம் பண்ணுச்சு?"

பாய் என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் வடிகட்டாத தண்ணீர் அடுப்பில் ஏறாது. நான் எந்த வாயால் மறுத்துப் பேசுவது? நயினார் தோள்துண்டை இரண்டாக மடித்து ரேடியேட்டரின் வாயில் விரித்துப் பிடித்தார். பாய் ஊற்றினார். வடிகட்டியதோடு விஷயம் முடியவில்லை. துணியில் தங்கியதை, எந்தத் தண்ணீரில் மொண்டோமோ அந்தத் தண்ணீரிலேயே சேர்க்க வேண்டும். துண்டைத் தொட்டில்போல இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு நயினார் கரையில் மெல்ல இறங்கி, ஏரியில் அலசிவிட்டு, மெல்ல ஏறி வந்தார். அடுத்த டின். மறுபடி இறங்கினார். நான் டின்களை எண்ணினேன். அது போதாதென்று கையை நீட்டி, சூரியனுக்கும் பனைமர உச்சிக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி என்று அளந்தேன். ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு விரல் குறைந்ததுபோல இருந்தது.

"இங்க மூணு பேரு பட்டினியா போவப் போறாங்களே, அது பாவமில்லையா?" என்று பாய் சீண்டினார்.

"நீங்க ஓட்டற ஓட்டத்துக்குப் பட்டினி கெடக்க மாட்டோம்" என்றார் நயினார், சிரிக்காமல்.

பையனின் அம்மா காரைவிட்டு இறங்கவேயில்லை. கண்ணாடியை இறக்கி, "பொழுது போயிட்டா இப்படியே திரும்பிடலாங்க. இன்னொரு நாள் சாப்ட்டுக்கலாம்" என்றார். அந்த இன்னொரு நாளைக் கேட்டதும் நான் மறுபடி சூரியனுக்கு நேரே கையை நீட்டினேன்.

கட்டு தாங்கியது. ஆனால் பாய், ஆவி வெளியேற ரேடியேட்டர் மூடியை இறுக்காமல் வைத்து மெதுவாகத்தான் ஓட்டினார். நேர் எதிரே சூரியன், அதன் கீழே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. இரண்டுக்கும் நடுவே இருந்த வெளிச்சம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஊருக்குள் நுழைந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. எங்கள் தெரு முழுக்க நிழல். வாசலில் நைனா நின்றுகொண்டிருந்தார். உள்ளே இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தது தெரிந்தது.

பையனின் அம்மா இறங்கி ராஜகிரியைப் பார்த்தார். "பொழுது போயிடுச்சுங்களே" என்றார்.

நைனா உள்ளே போட்டிருந்த இலைகளைத் திரும்பிப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். பாய்கூடப் பைப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

"போவல."

மாடியிலிருந்து குரல். வசந்தா பட்டுப்புடவையோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "மலைதான் மறைக்குது. அந்தப் பக்கம் சந்திரகிரியப் பாருங்க, உச்சியில வெயில் நிக்குது. அது போனாத்தான் பொழுது போச்சு. அதப் பாத்துதான் தெனம் நைனாவுக்குச் சோறு போடறேன்."

எல்லோரும் தெற்கே திரும்பினோம். சந்திரகிரியின் அடிவாரம் கறுத்திருந்தது. தலையில் மட்டும் மஞ்சள் வெயில். நைனா கண்ணை மூடிக்கொண்டார். இந்த இடமும் போயிற்று என்று நினைத்திருப்பார். பையனின் அம்மா மலையைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், மறுபடி மலையைப் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "இன்னும் இன்னா நின்னுக்கினு இருக்கீங்க? கால கழுவிக்கினு எலையில உக்காருங்க. வெயில் போயிடப் போவுது" என்று அதட்டினார்.

பெண் பார்க்கிற சடங்கு அத்தோடு முடிந்தது. பரிமாறப் பரிமாற வசந்தா மேலேயே நின்று நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இருக்குது... பாறைக்கு மேல இருக்குது... மோர் ஊத்திக்கலாம்." ஜெயபால் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை, குரல் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாண்டை நயினார் கை கழுவி நிமிர்ந்தபோதுதான், "இப்ப போச்சு" என்று அவள் இறங்கி வந்தாள்.

மெக்கானிக் இரண்டு பைப்போடு வந்துவிட்டார். பழையதை உருவி, புதியதைச் செருகி, கிளிப்பை முடுக்கினார். நான் என் பங்குக்கு ஒரு வாளித் தண்ணீர் பிடித்து, துண்டில் வடிகட்டி வைத்திருந்தேன். "இதுல சும்மா தண்ணி ஊத்தக் கூடாது சார்" என்று சிரித்துக்கொண்டே அவர் பச்சைக் கூலண்டை ஊற்றி மூடியை இறுக்கினார். கையில் ஈரத் துண்டோடு நின்றேன். குழாயில் வந்த தண்ணீர். இதை எங்கே கொண்டுபோய் அலசுவது? எந்த ஏரியில் மொண்டது என்று யாருக்குத் தெரியும்? செம்பருத்திச் செடியின் அடியில் உதறினேன்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து நூறு வரை எண்ணினேன். ஒரு சொட்டு இல்லை. நம்பாமல் இன்னொரு நூறு எண்ணினேன். தரை காய்ந்தே இருந்தது. நிம்மதியாக இருந்தது.

"அண்ணா, பொழுது இருக்குதா? சாப்ட்டுடலாமா?" வசந்தா உள்ளேயிருந்து கேட்டாள். அவள் இன்னும் அந்த வழக்கத்தை விடவில்லை. சுதர்சன் போனைப் பார்த்து, "இருக்குதும்மா, டைம் போட்டிருக்கான்" என்றான். நான் கேட்காததுபோல மாடிக்கு ஏறினேன். பாயும் நயினாரும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. தெற்கே ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவரும், அதன் மேல் வரிசையாகக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும் தெரிந்தன. தொட்டிகளை எண்ணினேன். அதற்குப் பின்னால்தான் சந்திரகிரி மறைந்திருந்தது.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே குரல் கொடுத்தேன். "உச்சியில நிக்குது வசந்தா. எலையப் போடு."